பொருள்: ‘லைன் எண்டிங்’ – தமிழில் ஒரு சொல் வேண்டும், நாளை இரவுக்குள்

மடல் 1

அன்புடையீர், வணக்கம்.

கட்டற்ற மென்பொருள் ஒன்றின் பங்களிப்பாளர் கையேட்டையும் அம்மென்பொருள் திரையில் காட்டும் செய்திச் சரங்களையும் தமிழாக்கி வருகிறேன். நாளை இரவோடு சரங்கள் பூட்டப்படும். மற்றவை முடிந்துவிட்டன, ஒரு வரி எங்கே முடிகிறது என்று கோப்பில் காட்டும் கண்ணுக்குத் தெரியாத ‘லைன் எண்டிங்’, எல்லா வரிகளிலும் அதை ஒரேவகையாக ஆக்கும் ‘நார்மலைஸ்’ செய்தல் என்னும் இரண்டும்தான் நிற்கின்றன.

இவற்றைத் தள்ளிப்போட முடியாத நிலை சென்ற வாரம் வந்தது. ஒரு பங்களிப்பாளர் தமிழ்க் கோப்பு ஒன்றில் விடுபட்டிருந்த ஒரு ‘ப்’பைச் சேர்த்து அனுப்பினார். 1,140 வரிகள் கொண்ட அக்கோப்பில் எல்லா வரிகளும் நீக்கப்பட்டு மீண்டும் சேர்க்கப்பட்டதாக ஒப்பீட்டுத் திரை காட்டியது. கோப்புகளைப் பொதுவில் வைத்திருக்கும் களஞ்சியத்தில் வரிதோறும் எல்எஃப் (லைன் ஃபீட்) என்னும் குறி மட்டும் இருக்க, அவருடைய விண்டோஸ் உரைத்திருத்தி சிஆர் (கேரேஜ் ரிட்டர்ன்), எல்எஃப் இரண்டையும் இட்டுவிட்டிருந்தது. அந்த ஒற்றைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்கு அரைமணி நேரம் ஆயிற்று. இதைப் புதியவர்களுக்குத் தமிழில் விளக்க முயன்றபோதுதான் சொல் இல்லாத குறை உறைத்தது. ‘வரி முடிவுகளைச் சரிசெய்க’ என்று எழுதிப் பார்த்தேன். வருமான வரித்துறையின் சுற்றறிக்கை போல் இருக்கிறது.

மடல் 2

ஐயா, சொல் இல்லாமல் இல்லை; நாம் அதைப் புழங்காமல் வைத்திருக்கிறோம். சொல்லின் கடைசி எழுத்தை ஈறு என்கிறோம், பாட்டின் கடைசி அடியை ஈற்றடி என்கிறோம். ஆகவே வரியின் கடைசியில் நிற்பது வரியீறு.

நீங்கள் சொன்ன கோளாறு முழுவதையும் புணர்ச்சி விதியாகவே எழுதிவிடலாம். நன்னூல் கூறும் விகாரங்கள் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று. எல்எஃப் மட்டும் உள்ள கோப்பு விண்டோஸ் கணினியில் இறங்கும்போது சிஆர் சேர்ந்தால் தோன்றல். களஞ்சியத்துக்குத் திரும்பும்போது அது நீங்கினால் கெடுதல். வரிதோறும் சிஆர் மட்டும் இட்ட பழைய மேக் கோப்பு யூனிக்ஸுக்கு வந்து எல்எஃப் ஆனால் திரிதல். (தொல்காப்பியத்தின் மிகுதல், குன்றல், மெய்பிறிதாதல் இன்னும் பொருந்தும் என்பது என் கருத்து, அதை இன்று வற்புறுத்தவில்லை.)

‘நார்மலைஸ்’ செய்வதற்கு இதைவிட அழகான சொல் காத்திருக்கிறது. அடிதோறும் இறுதி ஒன்றி வருவது இயைபுத் தொடை. எல்லா வரிகளும் ஒரே குறியில் முடிந்தால் அதுவும் இயைபுதானே? ‘ஈற்றியைபு செய்க’ என்று எழுதுங்கள், மாணவர்கள் பழகிக்கொள்வார்கள்.

மடல் 3

அம்மா, வரியீறு அழகான சொல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் வெறும் ‘ஈறு’ என்றால் இன்று பலருக்குப் பல் மருத்துவர்தான் நினைவுக்கு வருவார் என்பது ஒருபுறமிருக்க, எனக்கு அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. அது நெடில்தொடர்க் குற்றியலுகரம். வேற்றுமை ஏற்றால் வரியீற்றை, வரியீற்றில், வரியீற்றுக்கு என றகரம் இரட்டிக்கும். கையேட்டில் ‘வரியீறு’ என்று தேடுபவருக்கு இவற்றில் ஒன்றும் அகப்படாது. ‘குறி’ என்று முடியும் சொல்லுக்கு அந்தத் தொல்லை இல்லை; குறியை, குறியில், குறிக்கு என்று எந்த உருபு வந்தாலும் சொல் அப்படியே நிற்கும்.

இயைபு குறித்தும் மாறுபடுகிறேன். ‘இயை’ என்றாலே இன்றைய வாசகர் ஒன்றோடொன்று பொருத்துவதாகக் கொள்வார். ‘வரிகளை இயைபாக்குக’ என்று படித்துவிட்டு எல்லா வரிகளையும் ஒன்றாகச் சேர்த்து வைப்பவரும் இருப்பார். ‘ஒருசீராக்கு’ என்பது யாருக்கும் விளங்கும்.

நான் தட்டச்சுப் பொறியில் பழகியவன். நெம்புகோலை இழுத்துத் தள்ளினால் தாள் ஒரு வரி மேலேறும், உருளையும் வரித் தொடக்கத்துக்குத் திரும்பும். கை செய்வது ஒரே அசைவு, பொறி செய்வது இரண்டு வேலை. தொலைத்தட்டச்சுப் பொறி அவ்விரண்டையும் தனித்தனி ஆணைகளாகப் பிரித்தது: திரும்புவதற்கு சிஆர், ஆஸ்கி என்னும் எழுத்துக் குறியீட்டு முறையில் அதன் எண் 13, அடுத்த வரிக்கு இறங்குவதற்கு எல்எஃப், எண் 10. யூனிக்ஸ் பின்னதை மட்டும் வைத்துக்கொண்டது, டாஸும் அதன் வழிவந்த விண்டோஸும் இரண்டையும் சுமந்தன. ஆகவே சிஆர் மீள்குறி, எல்எஃப் இறங்குகுறி, இரண்டுக்கும் பொதுப்பெயர் வரிமுடிவுக் குறி. கடைசியில் ‘குறி’ என்று வருவதால் வருமான வரித்துறையும் விலகி நிற்கும்.

சொல் எதுவானாலும் கையேட்டில் வழி சரியாக இருக்க வேண்டும். ஒவ்வொருவரும் தம் கணினியின் அமைப்பை மாற்றிக்கொள்ளட்டும் என்று விட்டால் இது தீராது. களஞ்சியத்திலேயே கிட்ஆட்ரிபியூட்ஸ் என்னும் அமைப்புக் கோப்பை வைத்து, உரைக் கோப்புகளைக் கிட் (மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருள்) தானே இனங்காணும்படி அதில் ஒரு வரி எழுதிவிட வேண்டும். ஷெல் நிரல்களுக்கு எப்போதும் எல்எஃப் என்று தனியாகக் குறிக்க வேண்டும். முதல் வரியின் கடைசியில் ஒரு சிஆர் ஒட்டிக்கொண்டால் லினக்ஸில் அந்நிரல் இயங்கவே இயங்காது. பழைய கோப்புகளை 2018 இல் வந்த கிட் 2.16 முதல் ‘ரீநார்மலைஸ்’ என்னும் விருப்புக் கொண்டு ஒரே கமிட்டில், அதாவது ஒரே மாற்றப் பதிவில், மாற்றலாம். அந்தக் கமிட்டில் வேறெந்தத் திருத்தமும் கலக்கக் கூடாது. ஒவ்வொரு வரியையும் யார் எழுதினார் என்று பின்னாளில் பார்க்கும்போது அதை மட்டும் தாண்டிச் செல்ல 2.23 பதிப்பிலிருந்து வசதி உண்டு.

மடல் 4

எழுதிய அனைவருக்கும் நன்றி. எனக்குத் தனியே எழுதியவர்களையும் சேர்த்து ஐவர் வரிமுடிவுக் குறிக்கும் ஒருசீராக்கலுக்கும் ஒப்பினர்; இருவர் வரியீறே வேண்டும் என்றனர். மீள்குறியை யாரும் எதிர்க்கவில்லை, களைப்பும் ஒரு காரணமாக இருக்கலாம். பெரும்பான்மைப்படி இன்றிரவு ஏற்றிவிடுகிறேன். ‘கமிட்’டுக்குத் தமிழ் என்ன என்று ஒருவர் கேட்டிருக்கிறார்; அருள்கூர்ந்து அதை இப்போது தொடங்க வேண்டாம்.

மடல் 5

ஐயா, பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். என் வகுப்பில் வரியீறு என்றே சொல்லிக்கொடுப்பேன்.

ஆனால் ஒன்றை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. இக்குறி வரிக்குள் அடங்குமா, இரண்டு வரிகளுக்கு நடுவே நிற்குமா? யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான தரமாகிய போசிக்ஸின் வரையறையில் அது வரியின் உறுப்பு. கடைசி வரிக்கும் அது வேண்டும். அதனால்தான் அது விடுபட்ட கோப்பைக் கண்டால் கிட்டின் ஒப்பீடு கீழே ஒரு குறிப்பு எழுதுகிறது. அந்தச் சரத்தை எப்படிப் பெயர்த்திருக்கிறீர்கள்? ‘கோப்பின் இறுதியில் வரிமுடிவுக் குறி இல்லை’ என்றா? இறுதியும் முடிவும் ஒரே தொடரில் இடித்துக்கொள்கின்றன. எதிர்மறைப் பெயரெச்சத்தில் ஈறு போனால் நாம் என்ன சொல்கிறோம்? ஈறுகெட்ட கோப்பு என்று இரண்டே சொல்லில் முடித்துவிடலாம்.

மடல் 6

அம்மா, அந்தச் சரத்தை மட்டும் ஐயக்குறி இட்டு நிறுத்தி வைத்திருக்கிறேன். மற்ற சரங்கள் ஏறிவிட்டன.