அலாட்மென்ட் கிடைத்த சேலத்துப் பிள்ளைகளுக்கு: ஐப்பசி பிறந்ததும் என்ன செய்வது?

இங்கிலாந்தில் உள்ளூர் கவுன்சில் காய்கறி போட வாடகைக்கு விடும் துண்டு நிலம்தான் அலாட்மென்ட். ஆத்தூர், வாழப்பாடி, ஓமலூர்ப் பக்கமிருந்து இங்கிலாந்து போன பிள்ளைகள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். "அக்கா, கவுன்சிலில் அலாட்மென்ட் கொடுத்துவிட்டார்கள், குளிர் ஆரம்பித்துவிட்டது, இனி மார்ச் வரை அப்படியே விட்டுவிடலாமா?" விடாதீர்கள். பல வருடம் அங்கே மண்ணைக் கிளறிவிட்டு இப்போது ஏற்காட்டில் இருப்பவள் சொல்கிறேன்: அக்டோபரும் நவம்பரும் அங்கே வேலை இருக்கிற மாதங்கள்.

நம் பட்டமெல்லாம் மழையை வைத்துப் போட்டது. ஆடியில் ஒரு விதைப்பு, புரட்டாசியில் ஒன்று, தையில் ஒன்று. அங்கே மழை எந்த மாதமும் பெய்யும், அதை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது. பகல் எவ்வளவு நேரம், உறைபனி எப்போது, இந்த இரண்டுதான் கணக்கு. மார்கழியிலும் சேலத்தில் பகல் 11 மணி நேரத்துக்கு மேல் இருக்கும். லண்டனில் டிசம்பர் 21 வாக்கில் 8 மணி நேரம்கூடக் கிடையாது. அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி பாதி வரை அங்கே பகல் 10 மணி நேரத்துக்கும் குறைவு. அந்தக் காலத்தில் குளிர் தாங்கும் செடி சாகாது, ஆனால் வளர்ச்சி அநேகமாக நின்றுவிடும். குளிர்காலத்தில் பறிக்க நினைக்கும் கேல் கீரை, லீக் என்கிற வெங்காயத்தாள் மாதிரிச் செடி, களைக்கோஸ் (பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ்) எல்லாம் அதற்கு முன்பே வளர்ந்து நிற்க வேண்டும். நவம்பரில் நாற்று நட்டுவிட்டு வாராவாரம் போய் எட்டிப் பார்ப்பதில் பயனில்லை.

நம்மூர் அவரை அங்கே ஏன் காய்க்க மாட்டேன் என்கிறது என்பதற்கும் இந்தப் பகல் கணக்குதான் காரணம். பழைய நாட்டுப் பந்தல் அவரைக்குப் பகல் குறைந்தால்தான் பூ வரும். பகல் நீண்ட கோடை முழுக்கக் கொடி மட்டும் ஓடும், பக்கத்து மனைக்காரர்கூட வந்து ஆச்சரியமாகப் பார்ப்பார், கடைசியில் பூ எடுக்கும்போது உறைபனி வந்து கருக்கிவிடும். துவரையும் அப்படியே. கோடைக்கு ரன்னர் பீன்ஸ் போடுங்கள். இப்போதைக்கு அக்வாடல்ஸ் என்கிற பிராட் பீன்ஸ் ரகத்தை நவம்பர் பாதிக்குள் ஊன்றிவிட்டால், சின்னச் செடியாகவே குளிரைத் தாண்டி வசந்தத்தில் முதலில் காய்க்கும். ஊரிலிருந்து விதையைப் பெட்டியில் அடைத்து எடுத்துப் போகாதீர்கள். தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள்.

இந்தப் பருவத்தில் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் பூண்டு நடுங்கள். பூண்டுக்குக் குளிர் தொல்லை இல்லை, தேவை. ஒன்றிரண்டு மாதமாவது 10 டிகிரிக்குக் கீழே கிடந்தால்தான் பல் பிரியும். இல்லாவிட்டால் வெங்காயம் மாதிரி ஒற்றைக் குண்டாக நின்றுவிடும். அக்டோபர் அல்லது நவம்பரில் பல்லைப் பிரித்து, கூர்முனை மேலே இருக்கும்படி, முனை மண்ணுக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில், 15 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு ஊன்றுங்கள். சூப்பர் மார்க்கெட் பூண்டு வேறு நாட்டுச் சரக்காக இருக்கலாம், விதைப் பூண்டாகவே வாங்குங்கள். புதைத்த பல்லைக் குருவிகள் இழுத்து வெளியே போட்டிருந்தால் திரும்ப ஊன்றிவிட்டால் போதும். நீர் தேங்கும் களிமண் என்றால் மேட்டுப் பாத்தி அவசியம், குளிரில் சாகாத பூண்டு ஈரத்தில் அழுகிவிடும். ஜூன், ஜூலையில் கீழ் இலைகள் மஞ்சளானதும் தோண்டலாம்.

பழுக்காத தக்காளியை முதல் உறைபனிக்கு முன் பறித்துவிடுங்கள். டிராயரில் ஒரு வாழைப்பழத்தோடு வைத்தால் பாதி பழுக்கும், மிச்சம் கூட்டுக்கு. எனக்குக் கேட்டால் கூட்டுதான் மேல்.

காலி மண்ணை மட்டும் திறந்து போடாதீர்கள். மழை சத்தைக் கரைத்துக்கொண்டு போகும், மார்ச்சில் களைதான் முளைத்து நிற்கும். மக்கிய எருவைப் பரப்பி, மேலே அட்டைப்பெட்டியைப் பிரித்து மூடி, காற்றில் பறக்காமல் கல் வையுங்கள். பழைய கார்ப்பெட் வேண்டாம், பல இடங்களில் தடை இருக்கிறது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் சருகை யாரும் பெருக்கி எறிவதில்லை, அது அங்கேயே மக்கி மண்ணாகும். இங்கிலாந்திலும் உதிர்ந்த இலைகளை ஓட்டை போட்ட சாக்கில் அடைத்து ஓரமாக வையுங்கள். ஒன்றிரண்டு வருடத்தில் நல்ல மக்கு உரம். நவம்பர் 5 பட்டாசு இரவுக்காகச் சருகுக் குவியலைக் கொளுத்துவதாக இருந்தால் முதலில் கிளறிப் பாருங்கள், முள்ளெலி உள்ளே படுத்திருக்கும்.

அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள். அப்புறம் வேலை முடிந்து வரும்போது இருட்டிவிடும், தோட்டம் சனி ஞாயிறுக்கு மட்டும்தான். பல அலாட்மென்ட்களில் குழாய் வெடிக்காமலிருக்கத் தண்ணீரையும் நிறுத்திவிடுவார்கள். டிரம் இருந்தால் மழைநீரைப் பிடித்து வையுங்கள்.

முருங்கை பற்றிக் கேட்ட ஓமலூர்க் கண்ணுக்கு: வெளியே ஒரு குளிர்காலம் தாங்காது, ஆசையை விடு. கறிவேப்பிலைத் தொட்டியை இப்போதே வீட்டுக்குள் ஜன்னலோரம் வை, ஹீட்டருக்குப் பக்கத்தில் வேண்டாம். ஜனவரியில் இலையெல்லாம் கொட்டினாலும் பிடுங்கி எறியாதே. மேல்மண் காய்ந்த பிறகு கொஞ்சமாகத் தண்ணீர் விடு, ஏப்ரல் மேயில் துளிர்க்கும். கொத்தமல்லி, வெந்தயக்கீரை வேண்டுமென்றால் சமையலறை டப்பாவில் இருக்கிற விதையே பெரும்பாலும் முளைக்கும், ஜன்னலோரத் தட்டு ஒன்று போதும்.