கரண்ட் சங்கத்தில் நீங்களும் உறுப்பினரா? நடந்ததை எழுதுங்கள்

மல்பெரித்தோட்டம்:
சங்கத்துக் கரண்ட் உள்ள ஊர்க்காரர்களுக்குத்தான் இந்த இழை. எனக்கு ஆந்திரத்துக் குப்பம் பக்கம். இங்கே கரண்ட் விநியோகிப்பது அரசு போர்டு இல்லை, உறுப்பினர்கள் பங்கு போட்ட கூட்டுறவுச் சங்கம். இதற்கு மேல் நான் விளக்கப்போவதில்லை.

போன கோடையில் எங்கள் தோட்டத்து டிரான்ஸ்பார்மர் எரிந்துவிட்டது. நான்காவது தோலுரிப்பு முடிந்து பட்டுப்புழு மல்பெரித் தழையைக் கொறித்துத் தள்ளுகிற நேரம். புழு வளர்க்கிற மனையில் சூடு ஏறிக்கொண்டே இருக்கிறது, ஈரச் சாக்கைத் தொங்கவிடக்கூட மோட்டார் ஓடினால்தான் தண்ணீர். சங்க ஆபீசுக்கு ஓடினேன். அங்கிருந்த அண்ணன் டிரான்ஸ்பார்மர் நம்பரைக் கேட்கவில்லை. "ஏமண்ணா, சர்வீஸ் யார் பேரில்?" என்றார். தாத்தா பேர் என்றேன். அலமாரியிலிருந்து ஒரு பழைய பேரேட்டை எடுத்துத் தூசி தட்டி, விரலை மேலிருந்து கீழே ஓட்டி, ஒரு வரியில் நிறுத்தினார். தாத்தாவின் பெயர், தகப்பன் பெயர், பங்குத்தொகை, பக்கத்தில் ஊதா மையில் அவருடைய கைநாட்டு. பெருவிரல் ரேகைகூடக் கலையாமல் இருந்தது.

"இவர் போய்ச் சேர்ந்துட்டாரு இல்ல? பங்கை ஏன் உங்க பேருக்கு மாத்தல?" என்று என்னையே கேட்டார். நான் புழுவைச் சொல்கிறேன், அவர் பங்கைச் சொல்கிறார். டிரான்ஸ்பார்மர் மறுநாள் சாயங்காலம் வந்தது, அதில் குறையில்லை. ஆனால் கையெழுத்துப் போடத் தெரியாத மனிதர் அந்தக் காலத்தில் எதை நம்பி அங்கே போய் விரலை வைத்தார்? வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது உண்டா?

வேப்பனப்பள்ளிக்காரன்:
எங்களுக்குத் தமிழ்நாட்டு போர்டு. அக்காவைக் கொடுத்தது எல்லைக்கு அந்தப் பக்கம், நடந்து போகிற தூரம்தான். ஒரு நாள் ராத்திரி மழை. எங்கள் ஊர் பளிச்சென்று எரிகிறது, ஓடைக்கு அப்பால் கும்மிருட்டு. மாமா போன் போட்டு, "லைன்மேன் வந்துட்டான், கம்பத்துல ஏறணும், ஏணியைக் கொண்டா" என்றார். நான் ஏணியைத் தூக்கிக்கொண்டு மாநிலம் தாண்டினேன். அந்த லைன்மேன் அதே ஊர்ப் பையன், மாமாவுக்குத் தூரத்து உறவு. எங்கள் பக்கத்தில் லைன்மேனின் பெயரே பாதிப் பேருக்குத் தெரியாது. இது சங்கத்தால் வந்த நன்மையா, சொந்தக்காரன் என்பதாலா, தெரியவில்லை.

ஓய்வுபெற்றவன்:
சொந்தக்காரன் என்பதால்தான் தம்பி. எல்லாவற்றையும் சங்கத்தின் கணக்கில் எழுதாதீர்கள். மல்பெரித்தோட்டம் தம்பிக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: சங்கம் கரண்ட் தயாரிப்பதில்லை. மாநில விநியோகக் கம்பெனியிடம் மொத்தமாக வாங்கி, தன் லைனில் விட்டு, பில் போட்டு வசூலிக்கிறது. வாங்குகிற விலையும் அதன் கையில் இல்லை, மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வைத்ததுதான். 2003 மின்சாரச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் இதுபோன்ற சங்கங்களுக்கு உரிமம் இல்லாமலே நடத்த விதிவிலக்குக் கொடுக்கலாம் என்று இருக்கிறது. அதனால் உறுப்பினர்தான் முதலாளி என்றாலும், முதலாளிக்கு விலை வைக்கிற உரிமை கிடையாது.

தாத்தா எதை நம்பினார் என்று கேட்டீர்கள். இந்த யோசனையே அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே தனியார் கம்பெனிகள் பண்ணைகளுக்குக் கம்பி இழுக்க மாட்டோம் என்றன, வீட்டுக்கு வீடு தூரம், லாபம் இல்லை. 1936இல் சட்டம் போட்டு அரசு கடன் கொடுத்தது, விவசாயிகளே சங்கம் கட்டிக் கம்பம் நட்டார்கள். மிஞ்சுகிற பணத்தை உறுப்பினர் பெயரில் வரவு வைத்து, பல வருடம் கழித்துத் திருப்பியும் கொடுக்கிறார்கள். நம் நாட்டில் 1969இல் கிராம மின்மயக் கழகம் தொடங்கியபோது அதே மாதிரியை இங்கே நட்டுப் பார்த்தார்கள். கர்நாடகத்தில் ஹுக்கேரி, இன்றைய தெலங்கானாவில் சிர்சில்லா, மகாராஷ்டிரத்தில் முளா பிரவரா எல்லாம் அந்த முதல் வரிசை. நம் குப்பம் பின்னால் வந்தது. முளா பிரவராவின் கையிலிருந்து 2011இல் விநியோகமே போய்விட்டது. சிர்சில்லா இன்னும் நடக்கிறது. மாதிரி ஒன்றுதான், விளைச்சல் ஊருக்கு ஊர் வேறு.

என் அனுபவம் சின்னது. ஒரு மகாசபைக் கூட்டத்தில் வரவு செலவு படித்து முடித்ததும் தலைவர், "கேள்வி உண்டா?" என்றார். கூடமே அமைதி. கடைசி வரிசையில் ஒரு பாட்டி எழுந்து, "சாப்பாடு எப்போ?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேள்வி என்று அன்று கேட்டது அவள் ஒருத்திதான்.

மூணாறு_மழை:
இழை ஆந்திரப் பக்கம் என்று தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். எங்கள் மூணாறு மலையில் தேயிலைக் கம்பெனிதான் கரண்டும் விநியோகிக்கிறது. 2005இல் டாட்டா தோட்டங்களை விட்டபோது தொடங்கிய புதுக் கம்பெனியில் தொழிலாளிகளுக்குப் பங்கு கொடுத்தார்கள். சங்கம் இல்லை, ஆனாலும் பங்கு பங்குதானே.

யானை கம்பத்தைச் சாய்த்துவிட்டுப் போன ராத்திரி. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், எல்லாரும் மெழுகுவர்த்தியோடு வாசலில். மூடுபனியில் லைன்மேன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு வேலை செய்கிறார், கை விறைத்துப்போய்க் குறடு நழுவுகிறது. அம்மா சும்மா இருக்காமல், "சீக்கிரம் ஆகட்டும் தம்பி, நானும் பங்குதாரிதான்" என்று சத்தமாகச் சொன்னாள். அவர் மேலிருந்தபடியே, "அப்படியா அக்கா, அப்ப முதலாளியம்மா ஒரு கட்டஞ்சாயா போட்டு அனுப்புங்க" என்றார். அம்மா நிஜமாகவே போட்டு அனுப்பினாள். கொழுந்து கிள்ளுகிறவள் பங்குதாரி என்ற வார்த்தையை வாயால் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

போர்வெல்_ரெட்டியார்:
மல்பெரித்தோட்டம், முதலில் பங்கை மாற்றுங்கள். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், ஆதார் நகல், பழைய பில் ஒன்று. கையோடு நாமினியையும் எழுதிவிடுங்கள். பங்கை மாற்றாவிட்டால் சங்கத் தேர்தலில் உங்களுக்கு ஓட்டு இருக்காது.

இரண்டாவது, டிரான்ஸ்பார்மர் எரிந்தால் வாய்ப்பேச்சோடு நிற்காதீர்கள், எழுத்தில் கொடுத்துத் தேதி முத்திரை வாங்குங்கள். ஆந்திர ஆணையத்தின் சேவைத் தரத்தில் கிராமத்துக்கு 48 மணி நேரம் என்று இருக்கிறது.

மூன்றாவது, மோட்டாருக்குக் கெபாசிட்டர் (லைனிலிருந்து இழுக்கிற கரண்டைக் குறைக்கிற கருவி) போட்டிருக்கிறீர்களா? ஐஎஸ்ஐ முத்திரை உள்ளது வேண்டும். விவசாயத்துக்கான இலவசக் கரண்டுக்கே அது ஒரு நிபந்தனை. கெபாசிட்டர் இல்லாமல் பத்து மோட்டார் ஒரே நேரத்தில் எடுத்தால் எந்த டிரான்ஸ்பார்மர் தாங்கும்? ஆட்டோ ஸ்டார்ட்டர் வேறு எல்லோரும் வைத்திருக்கிறார்கள், கரண்ட் வந்ததும் அத்தனையும் ஒன்றாக உறுமும். அதைக் கழற்றுங்கள். ஃப்யூஸ் போனால் கைக்குக் கிடைத்த கட்டுக்கம்பியைச் சுற்றாதீர்கள். எல்.சி. (லைனில் கரண்டை நிறுத்தியாயிற்று என்ற அனுமதி) வாங்காமல் யாரையும் கம்பத்தில் ஏற்றாதீர்கள், உறவுக்காரப் பையனாக இருந்தாலும் சரி. வேப்பனப்பள்ளித் தம்பி, இது உங்கள் மாமாவுக்கும்தான். அது அலுமினிய ஏணி என்றால் இன்னும் மோசம்.

என் அனுபவமா? பக்கத்துத் தோட்டத்துக்காரன் கட்டுக்கம்பி சுற்றினான். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

வேப்பனப்பள்ளிக்காரன்:
மூங்கில் ஏணி ஐயா.

ஓய்வுபெற்றவன்:
ரெட்டியார் சொன்ன 48 மணி சரி, கெபாசிட்டரும் சரி. ஆனால் ஒருவர் மட்டும் போட்டால் பத்தாது, அந்த டிரான்ஸ்பார்மரில் இருக்கிற எல்லோரும் போட வேண்டும். அதற்கு யார் வீடு வீடாகப் போவது?

மல்பெரித்தோட்டம்:
நான் போய்ப் பார்த்துவிட்டேன். நாலு பேர் சரி என்றார்கள். ஒருவர், "சங்கமே வாங்கிக் கொடுக்கட்டும், நம்ம சங்கம்தானே" என்கிறார். அவருடைய பங்கும் இன்னும் அவங்க அப்பா பேரில்தான் இருக்கிறது. வாரிசுச் சான்றுக்கு அவரையும் என் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போகிறேன், திங்கட்கிழமை.