காணிப் பழங்குடிப் பையனுக்கு ஐக்யூ 64 என்கிறார்கள், நம்பலாமா?

விகேபுரம் டீச்சர்:
மூன்றாம் வகுப்புப் பையன். காரையாறு அணைக்கு மேலே காணிக் குடியிருப்பிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிறான். வகுப்பில் வாயே திறப்பதில்லை. அறிவுத்திறனை அளக்கும் ஐக்யூ டெஸ்ட் எடுத்தார்கள், ரொம்பக் குறைவாக 64 என்று தாள் வந்துவிட்டது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஒரு படத்தில் இஸ்திரிப் பெட்டி. என்ன குறைகிறது என்று கேள்வி. வயர் என்று சொல்ல வேண்டும். இவன் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு "கரி" என்றான். தப்பாம்! விடுதித் தெருவில் தேய்க்கிறவர் வைத்திருப்பது கரிப்பெட்டிதானே. இந்த எண்ணை நம்பி அறிவுசார் குறைபாடு சான்றிதழுக்கு அனுப்பலாமா?

பாளை அண்ணாச்சி:
அவசரப்பட வேண்டாம் டீச்சர். அமெரிக்காவில் இது நீதிமன்றம் வரை போன சண்டை. கலிபோர்னியாவில் 1960களின் கடைசியில் பள்ளிப் பிள்ளைகளில் கறுப்பினத்தவர் 9 சதவீதம்தான்; மந்தபுத்தி என்று ஒதுக்கிய வகுப்புகளிலோ 27 சதவீதம். அதை எதிர்த்து நடந்த லாரி பி. வழக்கில் 1979இல் நீதிபதி பெக்கம், கறுப்பினப் பிள்ளைகளை அந்த வகுப்பில் தள்ள ஐக்யூ டெஸ்ட் கூடாது என்றார். அடுத்த வருஷமே சிகாகோவில் நீதிபதி கிரேடி நேர்மாறாகச் சொன்னார். ஒவ்வொரு கேள்வியாகத் தீர்ப்பிலேயே எடுத்து எழுதிப் பார்த்தார். கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பாதகமாக இருக்கலாம் என்று அவருக்கு இடித்தவை ஒன்பதுதான். அதில் ஒன்று: ரொட்டி வாங்கப் போகிறாய், கடைக்காரர் தீர்ந்துவிட்டது என்கிறார், என்ன செய்வாய்? வேறு கடைக்குப் போவேன் என்றால் மதிப்பெண். உங்கள் பையன் ஊரில் வேறு கடை ஏது? அங்கே வீட்டுக்குத் திரும்புவதுதான் புத்தி. கிரேடி கணக்கு எனக்கு ஒப்பவில்லை. பையன் "கரி" என்று சொல்லியிராவிட்டால் இஸ்திரிப் பெட்டிப் படம் நம் கண்ணுக்கு உறுத்தியிருக்குமா?

தென்காசி மைனி:
அதற்காக டெஸ்டே வேண்டாம் என்று ஆகிவிடக் கூடாது. என் அக்கா மகனுக்கு டெஸ்ட் எடுத்த பிறகுதான் பரீட்சையில் கூடுதல் நேரம் கிடைத்தது. 1905இல் பாரிசில் உளவியலாளர் பினே இந்த மாதிரி டெஸ்டைத் தொடங்கியதே உதவி வேண்டிய பிள்ளைகளைக் கண்டுபிடிக்கத்தான். பேச்சே தேவைப்படாத ரேவன் வடிவப் புதிர் வைத்தால் சரியாகாதா?

பாளை அண்ணாச்சி:
கொஞ்சம் சரியாகும் மைனி, முழுசாக இல்லை. ஹாலந்தில் ராணுவத்துக்கு வந்த இளைஞர்களுக்கு ரேவன் புதிர்கள்தான் வைத்தார்கள். 1952க்கும் 1982க்கும் இடையில் சராசரி ஐக்யூ 20 புள்ளி ஏறிவிட்டது. முப்பது வருஷத்தில் பிறவி மூளையா மாறும்? பழக்கம் அதிலும் உண்டு.

டீச்சர், முதலில் பேச்சைப் பாருங்கள். காணிக்காரர் பேச்சில் மலையாளம் கலந்திருக்கும். 1970இல் டயானா வழக்கு, அதுவும் கலிபோர்னியாதான்: ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் டெஸ்ட். வீட்டு மொழியில் திரும்பக் கேட்டதும் பெரும்பாலோர் தேறிவிட்டார்கள். அவன் பேச்சு தெரிந்த ஒருவரை உட்கார வைத்து மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம், வீட்டில் தானாக என்னென்ன செய்கிறான் என்று அம்மாவிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள். அன்றாடத் திறனைப் பார்க்காமல் எண்ணை மட்டும் வைத்துக் குறைபாடு என்று முடிவு கட்டக் கூடாது. காது கேட்கிறதா என்று பார்த்தார்களா?

விகேபுரம் டீச்சர்:
இல்லை அண்ணாச்சி, காதை யாருமே பார்க்கவில்லை. அவன் சித்தி நம் தமிழும் நன்றாகப் பேசுவார், சனிக்கிழமை சாமான் வாங்க இறங்கி வருவார். அன்றைக்கே மறுபடி எடுப்பார்களா என்று கேட்கிறேன். அதுவரை தாள் என் மேசையில்தான் இருக்கும்.