செயிண்ட் லூயிஸ் கண்ணாடி நெகட்டிவ்: தெருவைக் கண்டுபிடிக்க உதவுங்கள்

மார்ச்சில் அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரப் பழம்பொருள் கடையில் 5x7 அங்குலக் கண்ணாடி நெகட்டிவ் (அந்தக் காலத்தில் புகைப்படம் பதிந்த கண்ணாடித் தகடு) ஒன்று வாங்கினேன். எந்தத் தெரு என்று தெரியாமல் மூன்று மாதமாக அதே இடத்தில் நிற்கிறேன்.

படத்தில் கல் பாவிய தெரு மிசிசிப்பி ஆற்றை நோக்கி இறங்குகிறது. இடது ஓரத்தில், அந்த ஆற்றைக் கடக்கும் ஈட்ஸ் பாலத்தின் ஒரு வளைவு. வலப்பக்கம் மூன்று மாடிச் செங்கல் கட்டடம். பலகையில் கடைசி எழுத்துகள் மட்டும், '...எர் அண்ட் சன்ஸ்'. வாசற்படியில் ஒரு பெண் ஈயவாளியை இடுப்பில் அணைத்தபடி நேராக நம்மையே பார்க்கிறாள். அவளுக்காகத்தான் இத்தனை பாடு.

பாலம் திறந்தது 1874. ஆற்றோரத்தின் சுமார் 40 தெருத்தொகுதிகளில் இருந்த கட்டடங்களை 1939 முதல் இடித்துவிட்டார்கள். இன்று அங்கே நிற்பது கேட்வே வளைவு. அதனால் நேரில் போய் ஒப்பிட வழியில்லை.

கூகுளில் படத்தேடல் செய்தாயிற்று. அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் இணையத் தொகுப்பில் இதே கோணம் கிடைக்கவில்லை. கூல்ட் முகவரிப் புத்தகம் (நகரத்தின் பழைய முகவரிப் பட்டியல்) பெயரின் முதலெழுத்து வரிசையில் இருப்பதால், கடைசி எழுத்துகளை வைத்துத் தேட முடியவில்லை. பலகை எழுத்து நேராகவே படிக்க வருகிறது, படம் இடவலம் மாறவில்லை. கிழக்கே ஆற்றைப் பார்க்கும்போது இடப்பக்கம் வடக்கு; பாலம் அங்கே தெரிகிறது. ஆகவே தெரு பாலத்துக்குத் தெற்கேதான்.

லோகஸ்ட், ஆலிவ், பைன், செஸ்ட்நட் தெருக்கள்: இவற்றில் எது என்பதை சான்பார்ன் தீக்காப்பீட்டு வரைபடத்தையும் (ஒவ்வொரு கட்டடத்தையும் காட்டும் பழைய நகர வரைபடம்) பால வளைவின் கோணத்தையும் வைத்து எப்படி உறுதிசெய்வது?