நடுவர் இல்லாத மேசையில் ஃபவுலை (விதிமீறலை) யார் சொல்வது? உதவி தேவை

வணக்கம். செங்கோட்டையில் எங்கள் மன்றத்து பில்லியர்ட்ஸ் மேசையில் 8-பால் (கோலால் வெள்ளைப் பந்தை அடித்து மற்றப் பந்துகளைக் குழியில் தள்ளும் ஆட்டம்) போட்டி நடத்துகிறோம். கேரளப் பக்கத்து ஆரியங்காவு, தென்மலைப் பிள்ளைகளும் வருகிறார்கள்.

சென்ற வாரம் அரையிறுதியில் என் அக்கா மகனின் சட்டைக் கை வெள்ளைப் பந்தில் உரசிவிட்டது. ஒருவரும் பார்க்கவில்லை. அவனே நிமிர்ந்து "ஃபவுல்" என்றான். அந்த ஃபவுலால் கிடைத்த உரிமைப்படி எதிராளி வெள்ளைப் பந்தைத் தனக்குத் தோதான இடத்தில் வைத்து, மிச்சமிருந்த பந்துகளை ஒரே மூச்சில் போட்டு முடித்தான். தோற்று வந்தவனைப் "பிழைக்கத் தெரியாதவன்" என்று பெரியவர்களே ஏசினார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. அவன் செய்ததுதான் சரி.

நடுவர் இல்லாதபோது வெள்ளைப் பந்தைத் தொடுவதை மட்டும் ஃபவுலாகக் கொள்ள உலக விதிகள் இடம் தருகின்றன. வேறு பந்து கைபட்டு நகர்ந்தால், அதைப் பழைய இடத்தில் வைக்கும் வாய்ப்பை எதிராளிக்குக் கொடுக்க வேண்டும். இதைச் சொன்னால் இங்கே நம்ப மறுக்கிறார்கள்.

விதிகளைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வைத்திருப்பவர்கள் அனுப்புங்கள். அடிக்கும் நேரத்தில் வேண்டுமென்றே பேச்சுக் கொடுப்பவரை உங்கள் ஊரில் எப்படிக் கையாள்கிறீர்கள்? வரும் ஞாயிறு இறுதி ஆட்டம். இரு தரப்பும் ஏற்கும் நடுவராக யாராவது வர முடியுமா?