புதுப்பிப்பு: ஈறில் ரத்தம் வந்தால் பல் துலக்கலாமா?

பல் துலக்கும் முறை பற்றிய முந்தைய பதிவுக்குப் பின் அதிகம் வந்த கேள்வி இது. துலக்குவதை நிறுத்தவே கூடாது. ஈறோரத்தில் படியும் கிருமிப் படலம்தான் பெரும்பாலும் ஈறை வீங்கவைத்து ரத்தம் கசியச் செய்கிறது. வலிக்குப் பயந்து அந்த இடத்தை விட்டுவிட்டால் படலம் தடித்து, நாளடைவில் கல் போன்ற காரையாக இறுகிவிடும். காரை பிரஷ்ஷுக்கு அசையாது. பல் மருத்துவர்தான் அகற்ற வேண்டும்.

மென்மையான பிரஷ்ஷை ஈறோரம் 45 டிகிரி சாய்த்து, அழுத்தாமல், சின்னச் சின்ன அசைவாக 2 நிமிடம் தேயுங்கள், இரவில் கட்டாயம். பல்லிடுக்குக்கு ஃப்ளாஸ் எனும் மெல்லிய நூல் வேண்டும்.

2 வாரமாகியும் ரத்தம் நிற்கவில்லை, பல் ஆடுகிறது, சீழ் வருகிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் அதைச் சொல்லுங்கள், மருந்தைத் தாமாக நிறுத்த வேண்டாம். முகம் வீங்கி, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமென்றால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.