சிப்பிப்பாறை நாய்க்கு வீட்டிலேயே பச்சைக்கறி உணவு: எலும்புக் கணக்கு எப்படி?

வேட்டைத்துணை (கேள்வி):

ஆண் சிப்பிப்பாறை, 3 வயது, 20 கிலோ. காலை மாலை நல்ல ஓட்டம். இப்போது வேகவைத்த கோழியும் சாதமும் சாப்பிடுகிறது. பச்சைக்கறிக்கு மாற்ற எண்ணம். எங்கு தேடினாலும் கிடைக்கும் அளவு ஒன்றுதான்: கறி 80, எலும்பு 10, ஈரல் 5, வேறு உறுப்பு 5 சதவீதம், நாளுக்கு உடல் எடையில் 2.5 சதவீதம். அப்படியானால் 500 கிராம்.

பக்கத்துக் கடையில் தோல் உரித்த பிராய்லர், கழுத்து, கால், ஈரல் எல்லாம் கிடைக்கும். என் சந்தேகங்கள் இவை. எலும்பு 10 சதவீதம் என்பதை எப்படி அளப்பது? குழம்புக்கு வெட்டுவதுபோல் வெட்டி வாங்கி அப்படியே போடலாமா, மிக்ஸியில் அரைக்க வேண்டுமா? ஆட்டு நுரையீரலும் போட்டியும் (குடல்) மலிவு, அவற்றைப் பச்சையாகக் கொடுக்கலாமா? வீட்டில் 2 வயதுக் குழந்தை இருக்கிறது, அதற்காகத் தனியாக ஏதும் கவனிக்க வேண்டுமா?

கறிக்கணக்கு:

முதலில் அந்த 500 கிராமை மறந்துவிடுங்கள். அந்த அளவெல்லாம் தோலும் கொழுப்பும் சேர்ந்த கறியை வைத்துப் போட்டது. தோலோடு இருக்கும் பச்சைக் கோழிக்கறி 100 கிராமில் 215 கலோரி. தோலை உரித்துவிட்டால் 120தான். நம் கடைகளில் உரித்துத்தான் தருகிறார்கள். ஓடுகிற 20 கிலோ நாய்க்கு நாளுக்கு 1000 முதல் 1200 கலோரி வேண்டும். தோல் உரித்த கறியில் 500 கிராம் போட்டால் பாதிதான் உள்ளே போகும். சிப்பிப்பாறை ஏற்கெனவே ஒட்டிய வயிறு என்பதால் இளைப்பது கண்ணுக்குத் தெரியவும் நாளாகும். கடைக்காரர் தூக்கி எறியும் தோலைக் கேட்டு வாங்குங்கள். நாளுக்கு 700 கிராமில் ஆரம்பித்து, வாரம் ஒருமுறை எடை பாருங்கள்.

எலும்புக்கும் இதே சிக்கல்தான். தோலோடு உள்ள கோழிக் கழுத்தில் எலும்பு 36 சதவீதம் என்று அட்டவணைகளில் இருக்கும். தோலை எடுத்துவிட்டால் கழுத்தின் எடையில் பாதியோ அதற்கு மேலோ எலும்பாகிவிடும். அட்டவணையை நம்பி உரித்த கழுத்தை அளந்தால் எலும்பு கூடிப்போய் நாய் முக்கி முக்கிச் சுண்ணாம்புக் கட்டி மாதிரிதான் போகும்.

உங்கள் நாய்க்கு ஒரு வாரத்துக்கான அளவு:

தோல் உரித்த கோழிக் கழுத்து 900 கிராம் (இதில் எலும்பு 450 என்று வையுங்கள்)
எலும்பில்லாத கோழித் தொடை 800
மாட்டுக்கறி அல்லது எருமைக்கறி, எலும்பில்லாமல், 1300
கோழி அல்லது மாட்டு இதயம் 400
கோழித் தோல் 500
கோழி ஈரல் 240
மாட்டு கிட்னி அல்லது சுவரொட்டி (மண்ணீரல்) 240
மத்தி மீன் 300, வேகவைத்தது
கடல் சிப்பிக் கறி 100, வேகவைத்தது
முட்டை 2

மொத்தம் 4.9 கிலோ. ஏழாகப் பிரித்தால் நாளுக்கு 700 கிராம், ஏறக்குறைய 1000 கலோரி. எலும்பு 9 சதவீதத்தை ஒட்டி வரும். இத்துடன் வைட்டமின் ஈ 400 கேப்சூல் வாரம் ஒன்று, ஓட்டை போட்டுப் பிழிந்துவிடுங்கள்.

மாட்டுக்கறியைத் தவிர்க்கத் தோன்றும், தவிர்த்தால் துத்தநாகம் குறையும். 100 கிராம் கோழித் தொடையில் 2 மில்லிகிராமுக்கும் கீழே, நெஞ்சுக்கறியில் ஒன்றுகூட இல்லை, மாட்டுக்கறியில் 4 முதல் 5 வரை இருக்கிறது. இந்த எடைக்கு நாளுக்குக் குறைந்தது 15 மில்லிகிராமாவது தேவை. கோழி மட்டுமே சாப்பிடும் நாய்களுக்கு முடி மங்கி, மூக்கோரமும் பாதமும் தடித்து வெடிப்பதற்கு இது ஒரு காரணம். மாடு வேண்டாம் என்றால் வெள்ளாட்டுக்கறி சரியான மாற்று, விலைதான் இடிக்கும். அதுவும் முடியாதென்றால் துத்தநாக மாத்திரையின் அளவை மருத்துவரிடம் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

மத்தியையும் சிப்பியையும் ஏன் வேகவைக்கச் சொல்கிறேன் என்றால், இரண்டிலும் பச்சையாக இருக்கும்போது தயமினேஸ் என்ற நொதி உண்டு. அது வைட்டமின் பி1ஐ அழிக்கும். நெத்திலியிலும் உண்டு. சூடு பட்டால் போய்விடும். மத்தியைக் குக்கரில் சிறுதீயில் 15 நிமிடம் வைத்தால் முள் விரலில் நசுங்கும், பொறுக்கி எடுக்கும் வேலை இல்லை. சிப்பி எதற்கு என்றால் மாங்கனீசுக்கு. வெறும் கறியில் அது கிட்டத்தட்ட கிடையாது.

ஈரலை 5 சதவீதத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். நாய் விரும்பித் தின்னும், விலையும் குறைவு என்று கை தாராளமாகிவிடும். வைட்டமின் ஏ உடம்பில் தேங்கும். மாதக்கணக்கில் மிஞ்சினால் எலும்பும் மூட்டும் கெடும்.

இரும்புக்கை:

அரைப்பது பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் நான்.

குழம்புக்கு வெட்டும் துண்டு வேண்டவே வேண்டாம். கத்தி விழுந்த எலும்பின் முனை ஊசிபோல் இருக்கும், துண்டும் மெல்லாமல் விழுங்கும் அளவுக்குச் சின்னது. ஒன்று நன்றாக அரைத்துக் கொடுங்கள், இல்லையென்றால் கழுத்தை முழு நீளத்துக்கு வாங்கி, கடித்து மென்றே தீரவேண்டிய அளவில் கொடுங்கள். இரண்டுக்கும் நடுவில் வெட்டியதுதான் தொண்டையில் சிக்கும். வாங்கியதும் லபக்கென்று விழுங்கும் நாய்க்கு அரைத்தது மட்டுமே.

மிக்ஸி ஆகாது. எலும்பை அது நசுக்காது, சிதறடிக்கும். நீளச் சிம்புகள் கறிக்குள் ஒளிந்திருக்கும். கறியும் சூடேறிக் கொழுப்பு பசையாகும். கறி அரைக்கும் இயந்திரத்தில் 12ஆம் எண் போதும், தட்டின் துளை 8 மில்லிமீட்டர். கழுத்தும் இறக்கையும் அதில் போகும். கறியை ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வைத்து, பாதி உறைந்த நிலையில் போடுங்கள். தோல் தட்டில் அப்பாமல் இறங்கும். அரைத்ததில் ஒரு பிடி எடுத்து இரண்டு விரலால் தேய்த்துப் பாருங்கள். மணல்போல் நெருடினால் சரி, குத்தினால் இன்னொரு முறை.

பிராய்லர் கடைக்கு வரும்போது ஐந்தாறு வாரக் குஞ்சு, எலும்பு இளசு. முட்டை போட்டு ஓய்ந்த கோழியும் முற்றிய நாட்டுக்கோழியும் அப்படியல்ல. அவற்றின் கால் எலும்பு அரைபடாது, பிளக்கும். ஆடு, மாட்டு நல்லி எலும்பைக் கடிக்கப் போட்டால் மேல் கடைவாய்ப் பல்தான் பலியாகும். வெந்த எலும்பு எந்த வகையிலும் கூடாது, சிம்பு சிம்பாக உடையும்.

செவலை:

ஆட்டு நுரையீரல், போட்டி பற்றிய கேள்விக்கு நேரான பதில்: பச்சையாகக் கூடாது. ஆட்டு ஈரலும் அதே கணக்குதான். மேலே உள்ள பட்டியலில் கோழி ஈரல் இருப்பது நல்லதாயிற்று.

ஆடு, மாட்டின் நுரையீரலிலும் ஈரலிலும் சில நேரம் வெள்ளையாக, நீர் நிறைந்த கட்டிகள் இருக்கும். பட்டாணி அளவிலும் இருக்கும், எலுமிச்சை அளவிலும் இருக்கும். அழுத்தினால் பந்துபோல் எதிர்க்கும், குத்தினால் தெளிந்த நீர் பீச்சும். அது எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழுவின் இளம்பருவம். நாய் அதைத் தின்றால் குடலில் சில மில்லிமீட்டர் நீளப் புழுக்களாக வளரும். நாய்க்கு ஒன்றும் செய்யாது, அதனால் யாரும் கவனிப்பதில்லை. ஆனால் மலத்தில் வரும் முட்டை முடியில் ஒட்டி, தடவுகிற கை வழியாக வாய்க்குப் போனால், மனிதர் ஈரலிலும் நுரையீரலிலும் அதே நீர்க்கட்டி வளரும். பல ஆண்டு கழித்துத்தான் தெரியவரும், பெரும்பாலும் அறுவை சிகிச்சையில்தான் முடியும். குழந்தை இருக்கும் வீட்டில் இதை லேசாக எடுக்காதீர்கள்.

கட்டி தெரிந்தால் அந்த உறுப்பையே வாங்காதீர்கள். கட்டியை மட்டும் அரிந்துவிட்டு மீதியைப் போடுவதும் தவறு, சின்னவை உள்ளே இருக்கும். கட்டி இல்லாததையும் துண்டாக்கி, நடுவரை நிறம் மாறும்படி வேகவையுங்கள். கிட்னிக்கும் சுவரொட்டிக்கும் இதையே செய்யுங்கள். வேகவைத்துக் கலந்தால் கணக்கு ஒன்றும் கெடாது.

ஆடு, மாட்டு உறுப்பைப் பச்சையாகத் தின்னும் வாய்ப்புள்ள நாய்க்குப் பிரசிகுவாண்டல் சேர்ந்த பூச்சி மாத்திரை 6 வாரத்துக்கு ஒருமுறை தேவைப்படும். கிலோவுக்கு 5 மில்லிகிராம், உங்கள் நாய்க்கு 100. ஆறு வாரம் என்பதற்குக் காரணம், புழு முதிர்ந்து முட்டையிட அவ்வளவு நாள் ஆகும், அதற்குள் கொன்றுவிடவேண்டும். பூச்சி மாத்திரை எல்லாவற்றிலும் இந்த மருந்து இருக்காது, அட்டையைப் படித்து வாங்குங்கள்.

பன்றிக்கறி பச்சையாக எந்தக் காலத்திலும் வேண்டாம்.

அடுப்பங்கரை:

2 வயதுக் குழந்தை என்று படித்த பிறகு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். இதே கணக்கில், எலும்பை மட்டும் எடுத்துவிட்டு, வேகவைத்துக் கொடுங்கள்.

பச்சைக் கோழியில் சால்மொனெல்லா இருக்க வாய்ப்பு அதிகம். நாய் அதைத் தாங்கிக்கொண்டு நலமாகவே இருக்கும், ஆனால் மலத்தில் நாள்கணக்கில் வெளியேற்றும். சாப்பிட்ட வாயால் குழந்தையின் முகத்தை நக்கும். கிண்ணத்தைச் சுற்றிச் சிந்திய தரையில் குழந்தை தவழும். ஃப்ரீசர் இந்தக் கிருமியைக் கொல்லாது, தூங்கத்தான் வைக்கும். மஞ்சளும் உப்பும் போட்டுக் கழுவுவதும் கொல்லாது. குழாயடியில் கழுவும்போது தெறித்துப் பக்கத்துப் பாத்திரத்துக்கெல்லாம் பரவுவதுதான் மிச்சம். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் 2012இலேயே பச்சை இறைச்சி உணவு வேண்டாம் என்று கொள்கையாக அறிவித்ததற்கு இதுதான் காரணம். கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர், புற்றுநோய் மருந்து எடுப்பவர் இருக்கும் வீட்டில் இதில் சமரசம் செய்யக்கூடாது.

செய்முறை: பட்டியலில் 900 கிராம் கழுத்தை எடுத்துவிட்டு 500 கிராம் எலும்பில்லாத தொடைக்கறி சேருங்கள். எல்லாவற்றையும் சின்னத் துண்டாக்கி, மூழ்காத அளவு நீர் விட்டு, மூடி, சிறுதீயில் வேகவிடுங்கள். நடுக்கறி 74 டிகிரி தொட்டால் போதும், குழைய வேண்டாம். வெந்த நீரைக் கொட்டாதீர்கள். டாரின் என்ற சத்தும் பி வைட்டமின்களும் அதில்தான் இறங்கியிருக்கும், உணவிலேயே ஊற்றிவிடுங்கள். உப்பு தேவையில்லை, வெங்காயம், பூண்டு எந்த வடிவிலும் ஆகாது.

எலும்பு போய்விட்டதால் கால்சியத்துக்கு முட்டை ஓடு. ஓட்டைக் கழுவி 10 நிமிடம் கொதிக்கவைத்து, ஈரம் துளியும் இல்லாமல் காயவைத்து, மிக்ஸியில் மைதாபோல் அரைத்துத் துணியில் சலியுங்கள். எலும்புக்குத்தான் மிக்ஸி ஆகாது, ஓட்டுக்கு அருமையான கருவி. இதில் கால்சியம் 38 சதவீதம். எலும்பில்லாத கறி ஒரு கிலோவுக்கு 5 முதல் 6 கிராம், தலைதட்டிய ஒரு தேக்கரண்டி. உங்கள் வார அளவுக்கு 25 கிராம் சரியாக இருக்கும். ஆறிய பிறகு கலந்தால் ஒரே இடத்தில் கட்டாது. கூடுதலாகப் போட்டால் பலம் என்று நினைக்க வேண்டாம், மிஞ்சிய கால்சியம் துத்தநாகத்தை உடம்பில் சேரவிடாது.

இப்போது கொடுக்கும் கோழி சாதத்தில் இந்த ஓட்டுப் பொடி இல்லையென்றால், மற்ற மாற்றத்துக்குக் காத்திராமல் இன்றே அதை ஆரம்பியுங்கள். எலும்பில்லாத கோழியும் சாதமும் மட்டும் என்றால் கால்சியம் ஏறக்குறைய பூஜ்யம்.

வேட்டைத்துணை:

எல்லோருக்கும் நன்றி. குழந்தை பெரிதாகும்வரை வேகவைத்தே கொடுக்கிறேன், ஓட்டுப் பொடி இன்றே. இரண்டு விஷயம் மட்டும். தோலும் ஈரலும் புதிதாகச் சேரும்போது பேதியாகாதா? ஒரு வார உணவை மொத்தமாகச் செய்து வைத்தால் மின்வெட்டில் என்ன செய்வது?

கறிக்கணக்கு:

ஒரே நாளில் மாற்றினால் ஆகும். முதல் நான்கு நாள் பழைய உணவில் கால் பங்கை எடுத்துவிட்டு, தோலில்லாத கோழியும் இதயமும். அடுத்த நான்கு நாள் பாதிக்குப் பாதி, மாட்டுக்கறி இங்கே நுழையட்டும். மலம் கெட்டியாக இருந்தால் மட்டும் ஒன்பதாம் நாள் ஈரல், பெருவிரல் நுனி அளவு. தோல் கடைசி: நாளுக்கு 20 கிராமில் தொடங்கி மூன்று நாளுக்கு ஒருமுறை 15 கிராம் ஏற்றி 70க்கு வாருங்கள். மலம் மஞ்சளாகப் பசைபோல் வந்தால் கொழுப்பு கூடிவிட்டது, ஒரு படி இறங்குங்கள். கறுத்து இளகினால் ஈரல் அதிகம். ஈரலை நிறுத்தி இரண்டு நாளாகியும் தார்போல் கறுப்பாகவே போனால் அது இரத்தமாக இருக்கலாம், மருத்துவரிடம் போங்கள். முன்பு கணைய அழற்சி வந்த நாய் என்றால் தோலே வேண்டாம், குறையும் கலோரிக்குச் சாதத்தையே வைத்துக்கொள்ளுங்கள்; 100 கிராம் சாதம் 130 கலோரி.

சேமிப்புக்கு 700 கிராம் பைகளாக, இரண்டு விரல் தடிமனுக்குத் தட்டையாக அமுக்கி உறையவையுங்கள். உருண்டையாக வைத்தால் நடுப்பகுதி உறைய ஒரு நாளாகும், உருகவும் ஒரு நாளாகும். அடுத்த நாளுக்கானதை முந்தைய இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், தட்டு வைத்து அதன்மேல் இறக்குங்கள். சித்திரை வெயிலில் மேடையில் வைத்து உருக்காதீர்கள். வைத்த உணவை அரை மணி நேரத்துக்குள் தின்னாவிட்டால் எடுத்துவிடுங்கள்.

மின்வெட்டுக்கு: ஃப்ரீசரைத் திறக்காமல் இருந்தால், நிறைந்த பெட்டி ஒரு நாளுக்கு மேலும் தாங்கும். திறந்து பார்க்கும்போது பைக்குள் பனித்துகள் நறநறத்தால் திரும்ப உறையவிடலாம். முழுக்க இளகியிருந்தாலும் கை வைத்தால் ஃப்ரிட்ஜ் குளிர்ச்சி இருந்தால் ஒரு கொதி விட்டு அன்றே கொடுத்துவிடுங்கள். குளிர்ச்சி போய்விட்டதென்றால் கொட்டிவிடுங்கள், மறுபடி கொதிக்கவைத்தாலும் கிருமி விட்டுப்போன நச்சு போகாது.